காலாண்டு லீவு முடிஞ்சாச்சு... ஒன்பதாம் வகுப்பு அட்டெண்டன்ஸைக் கொஞ்சம் பாருங்க!

கொலு பொம்மைகள் பெட்டிக்குள் போயாச்சு. சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைத்த புத்தகங்களைப் பிள்ளைகள் மனசே இல்லாமல் திரும்ப எடுத்தாச்சு. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. காலை எட்டு மணிக்கு ஒத்தக்கடை, செக்கானூரணி, திருமங்கலம் என எந்தப் பக்கமிருந்து மதுரைக்கு வரும் டவுன் பஸ்ஸைப் பார்த்தாலும் யூனிஃபார்ம்தான். 'உள்ளே போங்கப்பா, உள்ளே போங்க' என்று கண்டக்டர் தொண்டை கட்டும் வரை கத்துகிறார்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வேலை என்ன தெரியுமா? திருத்திய விடைத்தாள்களைக் கொடுப்பது. அதற்கு முன்னால் அட்டெண்டன்ஸ். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் பெயர் வாசிக்கும்போது ஒன்றிரண்டு பெயர்களுக்குப் பதில் வராது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் வரும்: "சார், அவன் ஜவுளிக்கடை வேலைக்குப் போயிட்டான் சார். தீபாவளி முடிஞ்சதும் வந்துருவான்."

தீபாவளி நெருங்கிவிட்டது. விளக்குத்தூண், மாசி வீதிகளில் கூட்டம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. துணி மடித்து அடுக்க, டீ வாங்கி வர, மூட்டை தூக்க ஆள் தேவைப்படும் நேரம். ரெண்டு வாரம் வேலை பார்த்தால் கையில் காசு, போனஸாக ஒரு புது சட்டை. பையனுக்குச் சந்தோஷம், வீட்டுக்கும் ஒத்தாசை. சரி, தீபாவளி முடிந்ததும் வந்துவிடுவானா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அது ஏன் ஒன்பதாம் வகுப்பு?

பிள்ளை எட்டாவது படிக்கும் வரை அவனைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டாம் வகுப்பு வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. எட்டாவது வரை ஃபெயில் போடுவதும் இல்லை. ஐந்து, எட்டாம் வகுப்புகளில் ஃபெயில் போடலாம் என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் விதியை மாற்றியபோதும், 'எங்கள் பள்ளிகளில் அது கிடையாது' என்று தமிழ்நாடு சொல்லிவிட்டது.

இன்னொரு வேலி தொழிலாளர் சட்டம். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே உள்ள யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகக் கைகொடுப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை? ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். படிப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 14 வயதில் கையை விடுகிறது. வேலைக்குப் போகாதே என்று தடுக்கும் சட்டமும் அதே 14 வயதில் பாதிக் கையை விடுகிறது. 14 வயது என்றால் ஒன்பதாம் வகுப்பு. பிள்ளை முதன்முதலாக ஃபெயில் ஆகக்கூடிய வகுப்பும் அதுதான். மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, வீட்டில் ஒரு சின்ன கஷ்டம் வந்தால் போதும், பிள்ளையின் படிப்பு சறுக்கிவிடும்.

கொடிக்குளம் சொன்ன சேதி

கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாலாவதாக ஒன்றும் உண்டு. பல ஊர்களில் இருப்பது நடுநிலைப் பள்ளி. எட்டாவதோடு முடிந்துவிடும். டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஊர் உயர்நிலைப் பள்ளியில் போய்ச் சேர வேண்டும். அந்த டி.சி. கைக்கு வருவதற்கும் அடுத்த பள்ளியில் பெயர் பதிவாவதற்கும் இடையில் எத்தனையோ பிள்ளைகள் நழுவிவிடுகிறார்கள். அதிலும் பொம்பளப் பிள்ளை என்றால், 'எதுக்கு அம்புட்டுத் தூரம் அனுப்பிக்கிட்டு?' என்று கேட்க வீட்டில் யாராவது ஒருவர் இருப்பார்.

இந்தக் கஷ்டத்தைத் தமிழ்நாடே திரும்பிப் பார்க்க வைத்தவர் மதுரைக்காரர் ஒருவர்தான். ஆயி பூரணம் அம்மாளை நினைவிருக்கிறதா? யானைமலை அடிவாரத்தில் உள்ள யா. கொடிக்குளத்தைச் சேர்ந்தவர், வங்கியில் கிளார்க் வேலை பார்ப்பவர். அந்த ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த இடம் தேவைப்பட்டது. 2024 ஜனவரியில் தனக்குச் சொந்தமான 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். சுமார் 7 கோடி ரூபாய் மதிப்பு. மறைந்துபோன தன் மகள் ஜனனியின் நினைவாகக் கொடுத்தார். அந்தக் குடியரசு தின விழாவில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

எல்லோரும் 7 கோடியைத்தான் பேசினோம். அவர் எதற்காகக் கொடுத்தார் என்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை. ஒன்பதும் பத்தும் சொந்த ஊரிலேயே படிக்கக் கிடைக்கட்டும் என்பதற்காக! ஒரு ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லா ஊருக்கும் ஒரு பூரணம் அம்மாள் கிடைக்க மாட்டார். அதற்காக ஊர் சும்மா இருக்கவும் வேண்டாம். நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்தக் கேட்டு கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் தீர்மானம் போடலாம். அந்தக் குழுவுக்குத் தலைவராக இருப்பவர் உங்களைப் போல ஒரு பெற்றோர்தான்.

பஸ் சரி... சைக்கிள்?

'அதான் பஸ் ஃப்ரீயா விடுறாங்களே' என்று கேட்கலாம். உண்மைதான். அரசுப் பேருந்தில் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் எல்லோருக்குமே டிக்கெட் இல்லை. ஆனால், டிக்கெட் இல்லை என்பதும் பஸ் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. காலையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது முதல் பீரியட் முடிந்த பிறகு வரும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண் பிள்ளையை நினைத்து அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

அரசு கொடுக்கும் இலவச சைக்கிள்? அது பிளஸ் ஒன் வந்த பிறகுதான்! ஊர் விட்டு ஊர் போய்ப் படிக்க ஆரம்பிப்பது ஒன்பதாவதில். சைக்கிள் கிடைப்பது பதினொன்றாவதில். நடுவில் ரெண்டு வருஷம் கால்நடைதான்.

பீகார் 2006-ல் வேறு மாதிரி யோசித்தது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை 32 சதவிகிதம் கூடியிருந்தது. பலன் அதிகம் தெரிந்தது எங்கே? பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த கிராமங்களில்! தமிழ்நாட்டில் பள்ளிகள் அதிகம், பஸ்ஸும் அதிகம். அதே கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும், நடுநிலைப் பள்ளியோடு நிற்கும் ஊர்ப் பிள்ளைகளுக்காவது சைக்கிளை ரெண்டு வருஷம் முன்னாடியே கொடுக்கலாமே என்று கேட்பதில் என்ன தப்பு?

சாப்பாட்டிலும் இதே கதை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதே நம்ம மதுரையில்தான். 2022 செப்டம்பர் 15, ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளி. அருமையான திட்டம். ஆனால், அது ஐந்தாம் வகுப்பு வரைதான். சத்துணவு பத்தாவது வரை உண்டு. ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மதியச் சோறு வரும் வரை வெறும் வயிற்றோடு கணக்குப் பாடம் கவனிக்கிறது. மார்க் குறைந்தால் திட்டுகிறோம்.

ரேங்க் கார்டைப் பார்த்து மிரளாதீங்க!

இந்த வாரம் உங்கள் வீட்டிலும் காலாண்டு மார்க் வந்திருக்கும். எட்டாவது வரை நல்லாத்தானே படித்தான், ஒன்பதாவதில் என்ன ஆச்சு என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பாடப் புத்தகம் ஒரேயடியாகக் கனமாகும் வருஷம் இது. கீழ் வகுப்பில் விட்ட வாய்ப்பாடும் பின்னமும் இங்கே வந்து வட்டியோடு கேட்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையே தடுமாறும் 6 முதல் 9-ம் வகுப்பு மாணவர்களுக்காக 2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 'திறன்' என்ற பயிற்சி தொடங்கியது. உங்கள் பிள்ளை அதில் இருக்கிறானா என்று கேளுங்கள். இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டை எங்கே என்று தெரிந்தால்தானே அடைக்க முடியும்?

இன்னொரு சேதி. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கிடையாது. பத்தாவது, பிளஸ் டூ மட்டும்தான். மூணு வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பயம் போய்விட்டது. ஒன்பதாவதில் திணறும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் மூச்சு வரும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பத்தாவது ரிசல்ட்டில் நூற்றுக்கு நூறு காட்ட வேண்டும் என்பதற்காக, ஒன்பதாவதிலேயே 'இவன் தேற மாட்டான், வேற எங்கேயாவது சேர்த்துக்கங்க' என்று சில பள்ளிகளில் சொல்வதுண்டு. அப்படி யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு டி.சி. வாங்கி வராதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

பாதியில் நின்றால் போகிற காசு

'படிச்சு என்ன பண்ணப் போறான், வேலைக்குப் போனா நாலு காசாவது வரும்' என்பவர்களிடம் காசுக் கணக்கிலேயே பேசலாம்.

* எட்டாவது படிக்கும்போது என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வானால், ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. ஒன்பதில் நின்றுவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

* கிராமப்புறப் பள்ளியில் ஒன்பதாவது படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர்கள், 50 மாணவிகள். பிளஸ் டூ வரை வருஷம் 1,000 ரூபாய்.

* ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்', ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்'. மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

* மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு.

இத்தனை கதவுக்கும் சாவி ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. ரெண்டு வாரத் தீபாவளிச் சம்பளத்துக்கு அதைத் தொலைத்துவிடக் கூடாது.

நீங்க என்ன செய்யலாம்?

ஒன்பதாவது படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் 'காலையில சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுதா, பக்கத்துல யாரு உட்கார்றா?' என்று கேளுங்கள். பாதிப் பிரச்னை அந்த மூன்று பதிலில் தெரிந்துவிடும்.

பஸ்தான் சிக்கல் என்றால் ஹெட்மாஸ்டர் மூலமாகப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு ஊரோடு சேர்ந்து மனு கொடுங்கள். தூரம் தாங்காது என்றால் அரசு மாணவர் விடுதி இருக்கிறது. 2025 ஜூலை முதல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

கடை வைத்திருக்கிறீர்களா? இந்த சீஸனில் வேலை கேட்டு வரும் பையனிடம், 'என்ன தம்பி, எத்தனாவது படிக்கிற?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 14 வயது ஆகவில்லை என்றால் வேலைக்கு வைப்பதே குற்றம். ஆகியிருந்தாலும், 'பள்ளிக்கூடம் விட்டு வா, லீவுல வா' என்று சொல்லும் முதலாளிதான் அந்தப் பையனுக்கு நல்லது செய்தவர்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை யூனிஃபார்ம் போடாமல் நாலு நாளாகத் தெருவில் நிற்கிறதா? 'நமக்கென்ன' என்று கதவைச் சாத்தாதீர்கள். வகுப்பாசிரியருக்கு ஒரு போன், இல்லையென்றால் 1098 சிறார் உதவி எண். ஒரு வாரம் வராத பிள்ளையைத் திரும்பக் கூட்டி வருவது சுலபம். ஒரு மாதம் ஆகிவிட்டால், 'எல்லாரும் கேலி பண்ணுவாங்க' என்ற கூச்சமே வாசலில் நின்று மறித்துக்கொள்ளும். ஆறு மாதம் ஆகிவிட்டால் அவன் 'வேலைக்காரன்'. அப்புறம் அவனை 'படிக்கிற பையன்' என்று வீட்டிலேயே யாரும் சொல்ல மாட்டார்கள்.

தீபாவளி முடிந்து மறுநாள் காலை. தெருவெங்கும் வெடித்த பட்டாசுப் பேப்பர் கிடக்கும். அதற்கு மறுநாளோ, அதற்கடுத்த நாளோ ஒன்பதாம் வகுப்பில் மறுபடி அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள். அந்தப் பெயரை ஆசிரியர் வாசிக்கும்போது, 'உள்ளேன் ஐயா' என்று குரல் வர வேண்டும். அதற்கு நமக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கிறது.