அக்கரையில் ஆபத்து, இக்கரையில் அமைதியா?

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. கனடாவிலுள்ள விண்ட்ஸர் நகரில் இந்தப் பழமொழி செல்லாது. ஊரை ஒட்டி டெட்ராய்ட் நதி ஓடுகிறது. நதிக்கு இப்பால் கனடா. அப்பால் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். அக்கரையில் ஆபத்து, இக்கரையில் அமைதி என்பதே கனடா மக்களின் நெடுநாள் நம்பிக்கை.

நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2010-ம் ஆண்டில் டெட்ராய்டில் 300-க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன. அதே ஆண்டு விண்ட்ஸரில் ஒரு கொலைகூட நடக்கவில்லை. டெட்ராய்டின் ஜனத்தொகை அப்போது மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். அதைக் கணக்கில் கொண்டாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதுதான்.

திருட்டுக் கணக்கு வேறு

ஆனால் எல்லாக் குற்றமும் ஒரே தராசில் நிற்பதில்லை. 2000-ம் ஆண்டின் போலீஸ் கணக்குகளைக் கனடா அரசாங்கப் புள்ளி விவர இலாகா ஒப்பிட்டது. ஜனத்தொகைக்கு ஏற்பப் பார்த்தால், அமெரிக்காவில் கொலை மூன்று மடங்கு. வழிப்பறி 65 சதவிகிதம் அதிகம். வீடு புகுந்து திருடுவதிலும், மோட்டார் வண்டித் திருட்டிலுமோ கனடாதான் முன்னே நின்றது!

மொத்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண அடிதடியையும் வன்முறைக் குற்றத்தில் சேர்ப்பது கனடா வழக்கம். கடுமையான தாக்குதலை மட்டுமே சேர்ப்பது அமெரிக்க வழக்கம். படிக் கணக்கையும் மரக்கால் கணக்கையும் அப்படியே ஒப்பிடலாமா?

குறைந்தது குற்றம், குறையவில்லை பயம்

அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து 2019-க்குள் வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்நாட்டில் காலப் ஸ்தாபனம் எடுத்த அபிப்பிராயக் கணிப்புகளில், பெரும்பாலான ஆண்டுகளில் "சென்ற ஆண்டைவிடக் குற்றம் பெருகிவிட்டது" என்றே பெரும்பாலோர் கூறினர். "உங்கள் பகுதியில் எப்படி?" என்று கேட்டால் அவ்வாறு சொல்பவர் குறைவு. கண்ணால் கண்டது ஒன்று. காதால் கேட்டது வேறு.

காரணம் எளிது. ஒரு கொலை நடந்தால் செய்தி. ஆயிரம் தெருக்களில் அமைதியாக விடிந்தால் செய்தியில்லை. அமெரிக்கச் செய்திகள் தினமும் கனடா வீடுகளுக்கும் வருகின்றன. அவை அங்குள்ளவர்களுக்குப் பயத்தையும், இங்குள்ளவர்களுக்கு நிம்மதியையும் தருகின்றன.

மறைந்து நிற்கும் புண்

அந்த நிம்மதிதான் ஆபத்து. 2014-ல் கனடாவின் கொலை விகிதம் 1966-க்குப் பிறகு மிகக் குறைவாக இருந்தது. 2022-ல் 874 பேர் கொல்லப்பட்டனர். விகிதம் 1992-க்குப் பின் மிக அதிகம். மறு ஆண்டு அது இறங்கியது. டெட்ராய்டிலோ 2024-ல் நடந்த கொலைகள் 203. 1965-க்குப் பிறகு அந்த ஆண்டு வரை அதுவே குறைந்த எண்ணிக்கை. அக்கரை என்றும் ஒரே நிலையில் இல்லை, இக்கரையும் இல்லை.

இன்னொரு கணக்கு மனத்தை உறுத்துவது. கனடாவின் ஆதிக்குடிகள் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர்தான். 2022-ல் கொலையுண்டவர்களிலோ நாலில் ஒருவருக்கு மேல் ஆதிக்குடியினர். அமெரிக்காவோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் கண்ணுக்கு இந்தப் புண் தெரிவதில்லை.

அண்டை வீடு கொழுந்துவிட்டு எரிகிறது என்பதால், தன் கூரையில் விழுந்த பொறி தானாக அணைந்துவிடாது. ஒரு நாடு அண்டை நாட்டோடு மட்டுமல்ல, தன் நேற்றைய நிலையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதுதான் உண்மை விளங்கும்.