மண்ணெண்ணெயில் ஓடிய நீர்மூழ்கி

கறாரான ஆசாமிகளை 'எம்டன்' என்கிறோமே, அந்த ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. அதற்கு ஆறு வாரம் முன்னாலேயே மூழ்கிப் போன யு-15 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை இங்கே யாருக்கும் தெரியாது. எதிரிப் போர்க்கப்பலால் மூழ்கடிக்கப்பட்ட முதல் யு-போட் அதுதான்.

பிரிட்டன் போரில் குதித்தது ஆகஸ்ட் 4. இரண்டே நாளில் ஹெல்கோலாண்ட் தீவிலிருந்து பத்து நீர்மூழ்கிகள் கிளம்பின. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு போட்டவர்கள் கரையில்தான் இருந்தார்கள். (உங்கள் ஹெட் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

இன்ஜின் என்ன தெரியுமோ? டீசல் இல்லை சார், மண்ணெண்ணெய்! ரேஷன் கடையில் கேனோடு க்யூவில் நின்று வாங்கினோமே, அதே சரக்கு. தண்ணீருக்கு அடியில் பாட்டரி, மேலே வந்தால் மண்ணெண்ணெய். பகலில் வெள்ளைப் புகை, ராத்திரியில் நெருப்புப் பொறி. ஒளிந்திருந்து தாக்க வேண்டிய வண்டிக்கு இப்படி ஒரு விளம்பரம்! பத்தில் ஒன்றான யு-9, இன்ஜின் மக்கர் பண்ணி வழியிலேயே ஊர் திரும்பிவிட்டது.

யு-15 போய்க்கொண்டே இருந்தது. 8-ம் தேதி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் தீவு அருகே 'மோனார்க்' என்ற போர்க்கப்பலைப் பார்த்து ஒரு டார்பிடோ பாய்ந்தது. குறி தப்பிவிட்டது. மறுநாள் விடிகாலை, மூடுபனி. 'பர்மிங்ஹாம்' என்ற க்ரூசர் அந்தப் பக்கம் வந்தபோது யு-15 நீர்மட்டத்தில் அசையாமல் கிடந்தது. உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டதாம். இன்ஜின் ரிப்பேர் என்றுதான் ஊகிக்கிறார்கள். பர்மிங்ஹாம் முதலில் சுட்டது. அப்புறம் வேகமெடுத்து வந்து மோதியது. படகு இரண்டு துண்டு. கேப்டன் ரிச்சர்ட் போலே உட்பட 23 பேர். ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை.

எனக்கு அந்தச் சுத்தியல்தான் உறுத்துகிறது. அடித்தவன் யாரோ, 'இன்னும் பத்து நிமிஷம், சரியாயிடும்' என்றுதானே அடித்திருப்பான்?

நான் பி.காம்., வரவு செலவு பார்க்காமல் விட மாட்டேன். போனது பத்து. யு-13-ம் சேர்த்துத் திரும்பாதது இரண்டு. மூழ்கடித்த கப்பல் பூஜ்யம்.

பாதியில் ஊர் திரும்பிய யு-9? ரிப்பேர் முடித்து மறுபடி கிளம்பியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று பிரிட்டிஷ் க்ரூசர்களைக் கவிழ்த்தது. செத்தவர்கள் 1,459 பேர். தேதி, செப்டம்பர் 22. எம்டன் சென்னைக்கு வந்த அதே நாள், காலையில்!

யு-9-ல் இருந்ததும் அதே கோர்ட்டிங் கம்பெனி மண்ணெண்ணெய் இன்ஜின்தான்.