டயரை வாசித்து வாங்குவோம்



கொஞ்சம் நீளமான பதிவுதான். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். விசயம் பைக் டயர்.

மருதமுனை தொடங்கி பொத்துவில் வரை நமது ஊர்களில் ஒரு பைக் என்றால் ஒரு குடும்பம். காலையில் பாடசாலை வாசலில் நிற்கும் ஆசிரியர்கள் எல்லோரும் தினமும் காணும் காட்சி இது: முன்னால் பெற்றோல் டாங்கியில் சின்னவர், நடுவில் வாப்பா, பின்னால் இரண்டு பிள்ளைகள், இரண்டு புத்தகப் பைகள். அதே பைக்தான் பிறகு சந்தைக்கும், வயலுக்கும், ஆஸ்பத்திரிக்கும், இரவில் டியூஷனுக்கும் போகிறது. இத்தனை பேரையும் ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது இரண்டு டயர்களும் நிலத்தைத் தொடும் இடம் மட்டும்தான். அந்த இடம் ஒவ்வொன்றும் நமது உள்ளங்கை அளவுதான் வரும்.

பைக்குக்கு நாம் செலவழிக்கும் வரிசையைப் பாருங்கள். ஸ்டிக்கர், எல்.ஈ.டி. லைட், சைலன்சர், சீட் கவர். டயர் கடைசி. அதுவும் மொட்டையாகி, வாரத்துக்கு இரண்டு பஞ்சர் வந்த பிறகு. கடைக்குப் போனால் நாம் கேட்கும் கேள்வி இரண்டு: "என்ன விலை?", "எந்தக் கம்பனி?" இந்த இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கின்றன. அதை வாசித்து வாங்க வேண்டும், வாங்கிய டயரை முதல் 150 கிலோமீற்றர் பழக்க வேண்டும். இந்தப் பதிவில் சொல்ல வருவது இவ்வளவுதான்.

முதலாவது, டயரின் வயது. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரியின் கடைசியில் வழக்கமாக நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். அது ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், திருப்பிப் பாருங்கள். ரப்பர் ஓடினால்தான் கெடும் என்றில்லை. வெயிலும் காற்றும் பட்டால் சும்மா இருந்தே காய்ந்து இறுகிப் போகும். கோடெல்லாம் புதிதாகத் தெரியும், ஆனால் ஈர ரோட்டில் பிடிக்காது. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்பதும், பத்து வருடம் தாண்டினால் எப்படித் தெரிந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பதும் டயர் கம்பனிகளே சொல்லும் கணக்கு. நமது கச்சான் காலத்து வெயிலுக்கு அதையும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். கடை வாசலில் மாதக் கணக்கில் வெயிலில் தொங்கும் டயரைத் தரப்பார்த்தால், "காக்கா, உள்ளுக்க இருக்கிறதில ஒண்டு எடுங்க" என்று கேளுங்கள். அதற்குக் காசு கூடாது.

இந்த வயதுக் கணக்கு இப்போது நமக்கு ஏன் முக்கியம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஆகவே நம்மிடம் ஓடும் பைக்குகளில் பெரும்பகுதி அதற்கு முன் வந்தவை. 2022இல் கியூ.ஆர். கோட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்தில் பல பைக்குகள் முற்றத்திலேயே நின்றன. "அதிகம் ஓடல்ல, டயர் புதுசு மாதிரித்தான் இருக்கு" என்று நாம் நினைக்கும் டயர், நின்ற இடத்திலேயே வயதுபோன டயராக இருக்கலாம். பழைய பைக் வாங்குகிறவர்கள் மீற்றரைப் பார்ப்பதோடு இந்த நான்கு இலக்கத்தையும் பாருங்கள்.

இரண்டாவது, அளவும் பாரமும். நமது ராத்தாமார் ஓடும் சின்னச் சில்லு ஸ்கூட்டிகள் பலவற்றில் 90/100-10 53ஜே என்று இருக்கும். 90 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். 100 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் உயரம் என்பது. 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 53தான் நாம் கவனிக்காமல் விடுவது. அது பாரக் குறியீடு. 53 என்றால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 206 கிலோ. ஜே என்றால் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் வரை. 150 சீ.சீ. பைக்குகளின் பின் டயரில் 100/90-17 55பீ என்று கண்டால், 218 கிலோ, 150 கிலோமீற்றர் என்று வாசிக்க வேண்டும்.

206 கிலோ பெரிய தொகை மாதிரித் தெரியும். ஸ்கூட்டியின் சொந்தப் பாரம், ஓடுகிறவர், பின்னால் ஒருவர், நடுவில் பிள்ளை, காலடியில் அரிசி மூடை என்று கூட்டினால் பாதிக்கு மேல் பின் டயரில்தான் விழும். இன்னொன்று, அந்த 206 கிலோவும் காற்று சரியாக இருந்தால் மட்டும். காற்றுக் குறைந்த டயருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. செயின் கவரிலோ பைக்கோடு வந்த புத்தகத்திலோ தனியாக ஓடினால் எவ்வளவு, ஆள் ஏற்றினால் எவ்வளவு என்று இரண்டு கணக்கு இருக்கும். தனியாக 28, ஆளோடு 32 பி.எஸ்.ஐ. என்பது போல. சுபஹு தொழுதுவிட்டு, ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான அளவு. ஓடிச் சூடேறிய டயர் கூட்டிக் காட்டும்.

தம்பிமார் சிலர் அழகுக்காக ரிம்முக்குப் பொருந்தாத அகல டயர் போடுகிறார்கள். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் டயரின் வளைவு மாறிவிடும், திருப்பும்போது பைக் பாரமாக இழுக்கும், சில பைக்குகளில் செயினிலும் உரசும். கம்பனி கொடுத்த அளவையே போடுங்கள். உள்ளூரில் செய்கிற சியெட், டி.எஸ்.ஐ., இந்தியாவிலிருந்து வருகிற எம்.ஆர்.எஃப். என்று கம்பனிச் சண்டை நமக்குள் நிறைய நடக்கிறது. சரியான அளவில் புதிதாகச் செய்த சாதாரண டயர், நாலைந்து வருடம் கிடந்த பெரிய பெயர் டயரை விட நல்லது என்பதே நமது அபிப்பிராயம்.

மூன்றாவது, பழக்குவது. இதைத்தான் நமது ஊர்களில் கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. புது டயர் போட்டவுடன் "இப்ப நல்ல பிடி இருக்கும்" என்று நினைத்து முறுக்குகிறோம். உண்மை நேர்மாறு. அச்சிலிருந்து வந்த டயரின் மேற்தோல் வழுவழுப்பாக இருக்கும். அச்சில் ஒட்டாமல் இருக்கப் பாவிக்கும் பொருளின் மிச்சமும் இருக்கலாம். ரோட்டில் உரசி அந்தத் தோல் கொஞ்சம் சொரசொரப்பான பிறகுதான் டயர் முழுதாகப் பிடிக்கும். கராஜில் டயரை ஏற்றும்போது ஓரத்தில் சவர்க்காரத் தண்ணீர் பூசுவார்கள். அது காயும்வரை ரிம்மில் டயர் வழுக்க இடமிருக்கிறது. இதோடு, தேய்ந்த டயரில் பழகிய நமது கைக்குப் புது டயரின் வட்டமான வளைவு புதிது. பைக் நினைத்ததை விடச் சட்டென்று சாயும்.

"இப்ப வாற டயருக்கு இதெல்லாம் தேவையில்ல" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அச்சுப் பொருள் முன்பை விடக் குறைந்திருப்பது உண்மை. ஆனாலும் முதல் நூறு மைல், அதாவது 160 கிலோமீற்றர் அளவுக்கு நிதானமாக ஓடுங்கள் என்று டயர் செய்கிறவர்களே இன்றும் சொல்கிறார்கள். சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கு அது நாலு நாள் ஓட்டம். அந்த நாலு நாளும் திடீர் பிரேக் வேண்டாம், முறுக்க வேண்டாம், முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளி கூட விடுங்கள், முடிந்தால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஒரு நாள் கழித்துக் காற்றைப் பாருங்கள். டியூப் டயர் என்றால் வால்வு நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் டயர் ரிம்மில் நகர்ந்திருக்கிறது, கராஜுக்குக் கொண்டுபோங்கள். பளபளப்புக்காக டயரில் பொலிஷ், தேங்காயெண்ணெய் பூசுவதை விட்டுவிடுங்கள். வழுக்கைக் காசு கொடுத்து வாங்கும் வேலை அது. பெற்றோல் போட்டுக் கழுவுவதும் ரப்பரைக் கெடுக்கும்.

இதில் நமது மண்ணுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நமது கரையோர வீதி நேர்கோடு. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை தாண்டி மட்டக்களப்பு வரை போனாலும் பைக்கைச் சாய்த்துத் திருப்ப வேண்டிய வளைவு அருமை. அதனால் நமது டயரின் நடுப்பகுதி மட்டும்தான் பழகும், தேய்வதும் அதுவே. ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய டயரிலும் இரண்டு ஓரமும் கடையில் வாங்கிய நாள் போலவே மினுங்கிக்கொண்டிருக்கும். அந்த டயரோடு லீவுக்குப் பெடியன்மார் கூட்டமாக எல்லவுக்கோ, மகியங்கனை தாண்டிக் கண்டிக்குப் போகும் பதினெட்டு வளைவுக்கோ போகிறார்கள். அங்கே முதல் வளைவில் சாயும்போதுதான் அந்த ஓரம் வாழ்க்கையில் முதல் தடவையாக ரோட்டைத் தொடுகிறது. அதுவும் மலைநாட்டு ஈரத்தில். போவதற்கு முன் ஊருக்குள், காய்ந்த, மணல் இல்லாத, வாகனம் குறைந்த உள்வீதிகளில், சந்திகளில், மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துத் திருப்பிப் பழக்குங்கள். பிரதான வீதியில் பாம்பு போல நெளிந்து ஓடுவதைச் சொல்லவில்லை, அது வேறு ஆட்களுக்கு ஆபத்து.

காலத்தையும் பார்க்க வேண்டும். நாம் பெரும்பாலும் டயர் மாற்றுவது மாரி தொடங்கிப் பஞ்சர் கூடிய பிறகு, நவம்பர் டிசம்பரில். புது டயரின் வழுவழுப்பும், மழை ரோடும், வீதியோர மணலும் ஒன்றாகச் சேரும் காலம் அது. செப்டம்பர் ஒக்டோபரிலேயே மாற்றினால் காய்ந்த ரோட்டில் பழகிவிடும், மாரி வரும்போது டயர் தயாராக இருக்கும். செலவு ஒன்றுதான், மாதம் மட்டும்தான் வேறு. மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதையும் டயரே சொல்லும். பக்கத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது.

பெருநாளையும் சொல்ல வேண்டும். பெருநாள் நெருங்கும்போது உடுப்போடு பைக்குக்கும் புது டயர் போட்டு, மறுநாளே மூன்று பேராக அறுகம்பைக்குப் புறப்படுவது நமது பெடியன்மாருக்குப் பழக்கம். பழகாத டயர், கூடின பாரம், கூடின வேகம், கூடின கூட்டம். வாப்பாமாரே, டயர் வாங்கிக் கொடுப்பதென்றால் பெருநாளைக்கு இரண்டு கிழமைக்கு முன் வாங்கிக் கொடுங்கள். அதே பணம், அதே சந்தோசம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டுவதைப் பற்றிக் குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். கட்டுகிற பங்கு நம்முடையது.

"இதெல்லாம் காசுள்ள ஆக்களுக்கு, சேர்" என்று ஒருவர் எழுதுவார். நியாயமான பேச்சு. கடலுக்குப் போகிறவருக்கும், வயலில் கூலிக்கு நிற்கிறவருக்கும் இரண்டு டயரை ஒரே நாளில் மாற்றுவது லேசில்லை. அதனால்தான் மேலே சொன்னவற்றில் அதிகமானவை காசில்லாத வேலைகள்: திகதி பார்ப்பது, காற்று பார்ப்பது, முன்கூட்டி மாற்றுவது, நாலு நாள் நிதானமாக ஓடுவது. ஒரு டயருக்கு மட்டும்தான் காசு இருக்கிறதென்றால், "பாஸ், பின்னுக்கு மட்டும் போடுங்க" என்று வாயில் வந்ததைச் சொல்லாமல், முன் டயரையும் குனிந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குத்தான் விழும். முன் டயர் வழுக்கினால் பைக்கை நிமிர்த்த அவகாசம் கிடைக்காது. முன்னால் இருப்பதும் வெடித்து இறுகிய டயர் என்றால் முதலில் மாற வேண்டியது அதுவாகவும் இருக்கலாம். அதுவரை பாரத்தையும் வேகத்தையும் குறையுங்கள்.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். டயர் மாற்றி பைக்கைக் கொடுக்கும்போது "இன்னும் நாலு நாளைக்கு மெல்ல ஓடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். நாங்கள் வகுப்பில் சொல்வதை விட நீங்கள் கராஜில் சொல்வதைப் பெடியன்மார் கேட்பார்கள்.

கடைசியாக ஒரு வீட்டுவேலை. இன்று அசருக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பைக்குக்குக் கிட்டப் போங்கள். அந்த நான்கு இலக்கத்தையும் அவர்களையே தேடி வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனையாம் வாரம், எத்தனையாம் ஆண்டு, டயருக்கு இப்போது எத்தனை வயது என்று அவர்களே கழித்துச் சொல்லட்டும். தினமும் அந்த டயரை நம்பிப் பாடசாலைக்கு வருகிறவர்கள் அவர்கள். விடையைக் கமெண்டில் போடுங்கள், பார்ப்போம், நமது ஊரில் மூத்த டயர் யார் வீட்டில் இருக்கிறதென்று.