மனைக்கு மனை தனிக் கணக்கு, தூசி மட்டும் பொதுவா?

தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் போனா எங்கேயாவது ஒரு பழைய ஃபிளாட்டை இடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. நான் இதுக்கு எதிரி இல்லை. கம்பி துருப்பிடிச்சு, சீலிங் பெயர்ந்து விழற வீட்டுல வயசானவங்க இருக்கணும்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

என் சண்டை கணக்கோட. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டர் அல்லது அதுக்கு மேல கட்டினால்தான் முன் அனுமதி. கிட்டத்தட்ட 2.15 லட்சம் சதுர அடி! ரெண்டு கிரவுண்டு அபார்ட்மென்ட் அதுக்குப் பக்கத்துலகூட வராது. ஒரே தெருவுல நாலு இடத்துல இடிச்சாலும், மொத்த பாதிப்பை யாரும் கூட்டிப் பார்க்கிறதில்லை. நுரையீரலுக்கு மனை எண் தெரியாதே.

இடிக்கிற தூசியில பெரிய துகள் மூக்கு, தொண்டையோட நின்னுடும். நுண்துகள் காற்றுப்பைகள் வரை போகும். ஆஸ்துமா, சிஓபிடி உள்ளவங்களுக்கு அன்னைக்கே மூச்சிரைப்பு வரலாம். டைல்ஸ், கான்கிரீட் அறுக்கும்போது சிலிக்கா கிளம்பும். அதை வருஷக்கணக்கா சுவாசிக்கிற தொழிலாளிக்கு வர்ற சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. துண்டைக் கட்டிக்கிட்டா அது தடுக்காது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுத்தியலால உடைக்கிறதும் சர்வ சாதாரணமா நடக்குது. அதோட புற்றுநோய் பல பத்து வருஷம் கழிச்சுத்தான் தலைகாட்டும், அப்ப பில்டரை எங்கே தேடுவீங்க?

கொசுவை மறந்துடாதீங்க. நகர மலேரியாவைப் பரப்புற அனாஃபிலிஸ் ஸ்டீபன்சிக்கு, கட்டுமான இடத்துல தேங்கி நிக்கிற தண்ணி ரொம்பப் பிடிக்கும். வாரம் ஒரு தடவை வடிச்சுக் காயவிட்டா போதும். இதுக்கு என்ன பெரிய செலவு?

விதி இல்லாம இல்லை. 2018-ல மத்திய அரசு கொண்டுவந்த தூசித் தடுப்பு விதிகள் எல்லாக் கட்டுமானத்துக்குமே திறந்தவெளியில அறுக்கக் கூடாது, ரோட்டோரம் மணல், ஜல்லி கொட்டக் கூடாது, மூடாத லாரி ஓடக் கூடாதுன்னு சொல்லுது. உங்க தெருவுல ஒண்ணாவது நடக்குதா பாருங்க.

இடிக்க அனுமதி தரும்போதே அந்தத் தெருவுல ஏற்கெனவே எத்தனை இடத்துல வேலை நடக்குதுன்னு மாநகராட்சி பார்க்கணும், தேவைப்பட்டா வரிசையில நிக்க வைக்கணும். ஸ்கூல், ஆஸ்பத்திரி பக்கத்துல இன்னும் கறாரா இருக்கணும்.

அதுவரைக்கும், பக்கத்து வீட்டை இடிக்கப் போறாங்கன்னா தேதியை முன்னாடியே கேட்டுக்கோங்க. தண்ணி தெளிச்சு, வலை கட்டி இடிக்கச் சொல்லுங்க. வீட்டுல ஆஸ்துமாக்காரங்க இருந்தா அந்த நாட்கள்ல உறவுக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க, இன்ஹேலரோட.