முனைவர் பட்டம் பள்ளிக்கா, பல்கலைக்கழகத்துக்கா?



ஆசிரியர் அறையில் அவ்வப்போது எழும் பேச்சு ஒன்று உண்டு. "தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியருக்கு முனைவர் பட்டம் எதற்கு? எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆய்வேடு வேண்டுமா?" என்று ஒரு சாரார் கேட்பர். "படித்தவர் தலைமையேற்றால்தான் பள்ளி உயரும். பட்டத்தைப் பழிப்பது பொறாமை" என்று மறுசாரார் விடையிறுப்பர். இரு சாராரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பதே என் வாதம். அந்தப் பட்டத்தில் பள்ளிக்கு என்ன பங்கு? இதுவே முதற்கேள்வி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அரசுப் பல்கலைக்கழகங்கள் கைகோத்துக் கல்வித் தலைவர்களுக்கு முனைவர் பட்டம் வழங்க முற்பட்ட வரலாறு இக்கேள்விக்கு நல்லதொரு பாடம்.

1960ஆம் ஆண்டில் அம்மாநிலம் தன் உயர்கல்விக்குப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதன் முதன்மைச் சிற்பிகளுள் ஒருவர். ஆய்வும் முனைவர் பட்டமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு என்று வகுக்கப்பட்டன. இளங்கலை, முதுகலை, ஆசிரியர் பயிற்சி ஆகியவை அரசுக் கல்லூரிகளுக்கு. ஈராண்டுக் கல்லூரிகள் அனைவருக்கும் திறந்த வாயில். அந்த அரசுக் கல்லூரிகளே பின்னாளில் கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்தன. ஆயினும், தனித்து முனைவர் பட்டம் வழங்கும் உரிமை அவற்றுக்கு இல்லை. கூட்டாக வழங்கலாம் என்ற ஒரு சிறு சாளரம் மட்டும் திறந்து வைக்கப்பட்டது.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். மாநிலத்தின் ஆசிரியர்களில் பெரும்பகுதியினரை உருவாக்கும் நிறுவனம், அந்த ஆசிரியர்கள் தலைமைப் பொறுப்புக்கு உயரும்போது முனைவர் பட்டம் தரும் தகுதியற்றது! ஆய்வுப் பல்கலைக்கழகமோ அறிஞர்களை உருவாக்குவதில் கருத்தாய் இருந்தது. இடையில் நின்ற பள்ளித் தலைவர்கள் பலர், பெருங்கட்டணம் செலுத்தித் தனியார் பல்கலைக்கழகங்களை நாடினர்.

2001ஆம் ஆண்டில் இரு பல்கலைக்கழக அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கல்வித் தலைவர்களுக்கான முனைவர் பட்டத்தைக் கூட்டாக வழங்குவது என்று முடிவாயிற்று. டேவிஸ் வளாகம் சாக்ரமெண்டோ, சோனோமா வளாகங்களோடு இணைந்தது. சான் டியேகோ வளாகம் சான் மார்கோஸ் வளாகத்தோடு இணைந்தது. ஒருவரிடம் ஆய்வு வலிமை. மற்றவரிடம் பள்ளிகளோடு நெருங்கிய உறவு. நல்ல திருமணமாக அமைந்திருக்க வேண்டியது. ஆனால், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை. தனித்து வழங்கும் உரிமைக்காக அது தொடர்ந்து போராடியது. 2005ஆம் ஆண்டில் ஜாக் ஸ்காட் முன்மொழிந்த சட்டத்தில் ஆளுநர் ஆர்னால்டு சுவார்செனகர் கையொப்பமிட்டார். 2007இல் 7 வளாகங்கள் தம் சொந்தப் பட்டத்தைத் தொடங்கின. கூட்டுத் திட்டங்கள் சில கலைந்தன. சான் டியேகோ, சான் மார்கோஸ் கூட்டு அதன் பின்னரும் தொடர்ந்தது.

இவ்வரலாற்றைப் படிப்போர் பலரும் இதனை இரு பெரு நிறுவனங்களின் வேலிச் சண்டையாகவே காண்கின்றனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. யார் பட்டம் தருவது என்பதில் செலவான ஆற்றலில் பாதியாவது, பட்டம் பெற்றவர் பள்ளியில் என்ன செய்யப்போகிறார் என்பதில் செலவாகியிருக்க வேண்டும்! ஆனால், அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தினுள் பொன்னான விதிகள் இரண்டு உள்ளன. பாடத்திட்ட வடிவமைப்பு, மாணவர் தேர்வு, கற்பித்தல், மதிப்பீடு ஆகியவற்றில் பொதுப் பள்ளிகளும் ஈராண்டுக் கல்லூரிகளும் உண்மையான பங்கு வகிக்க வேண்டும் என்பது ஒன்று. முழுநேரப் பணியில் இருந்துகொண்டே பட்டத்தை முடிக்க வழி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பள்ளியை ஆய்வுக்களமாக மட்டும் கருதாமல் பங்காளியாகச் சட்டமே ஏற்றுக்கொண்டது. நான் போற்றுவது இதனைத்தான்.

அதே 2005இல், கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் தலைவராக இருந்த ஆர்தர் லெவின் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். பள்ளித் தலைவர்களை உருவாக்கும் கல்வித்துறைகள் தரமிழந்துவிட்டன. ஆசிரியர்கள் சம்பள உயர்வுக்காகப் பட்டம் சேர்க்கின்றனர். பல்கலைக்கழகங்கள் வருமானத்துக்காக வாயிலை அகலத் திறக்கின்றன என்று அவர் சாடினார். தலைமைத்துவத்துக்கான கல்வி முனைவர் பட்டத்தையே ஒழித்துவிட்டு, வணிக மேலாண்மைப் பட்டம் போன்றதொரு முதுகலையைக் கொண்டுவரலாம் என்றார். அவர் கண்ட நோய் உண்மை. சொன்ன மருந்துதான் பிழை. பயிர் வாடினால் நீர் பாய்ச்ச வேண்டும், வயலையே விற்றுவிடலாமா? 2007இல் கார்னகி அறக்கட்டளையின் முயற்சியால் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, இப்பட்டத்தைத் திருத்தி அமைக்க முற்பட்டன. பணியிடத்தில் எழும் மெய்யான சிக்கலே ஆய்வுப்பொருளாக வேண்டும் என்பது அவர்களது கொள்கைகளுள் முதன்மையானது. இதுவே சரியான மருந்து.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியொன்றில் தலைமையாசிரியர் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். 80 கேள்விகள் கொண்ட வினாநிரல் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. தேர்வுத்தாள் திருத்தும் வாரத்தில் அனைவரும் அதனை நிரப்பிக் கொடுத்தோம். பட்டம் வந்தது, மாலை விழுந்தது, பெயர்ப்பலகையில் புதிய எழுத்துகள் சேர்ந்தன. எங்கள் விடைகளிலிருந்து அவர் கண்டறிந்தது என்ன என்பதை ஒரு நாளும் எங்களுக்குச் சொன்னதில்லை. மூன்றாம் ஆண்டில் வாசிக்கத் தெரியாமல் தவித்த பிள்ளைகள் அவ்வாறே நான்காம் ஆண்டுக்குச் சென்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முன்னோர் சொன்னது வீணில்லை.

இதில் அவரை மட்டும் குறைசொல்வது அறமாகாது. பள்ளிக்குத் திரும்பிச் சென்று சொல்லும்படி அவரைப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. பள்ளிக்கும் கேட்கும் உரிமை இல்லை. குற்றம் அமைப்பில்தான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். தலைமையாசிரியர் ஆகவிருப்போருக்குத் தொழில்முறைத் தகுதிப் பயிற்சியை அமினுடின் பாக்கி கழகம் நடத்துகிறது. கல்வித் தலைமைத்துவத்தில் முனைவர் பட்டத்தை நம் அரசுப் பல்கலைக்கழகங்கள் வழங்குகின்றன. கல்வி அமைச்சின் உபகாரச் சம்பளம் பெற்று மேற்கல்வி பயிலும் ஆசிரியர்களும் உள்ளனர். நல்லது. ஆனால், நம் தமிழ்ப்பள்ளிகள் 500க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. அத்தகைய பள்ளிக்குத் தலைமைத்துவம் உயிர்நாடி. ஒரு குழந்தையின் தொடக்கக்கல்வி 6 ஆண்டுகள். பணியில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் செய்யும் முனைவர் ஆய்வும் ஏறத்தாழ அவ்வளவு காலம் நீளக்கூடும். முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தை ஆறாம் ஆண்டை முடிக்கும்போது தலைமையாசிரியரின் ஆய்வேடும் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆய்வினால் அக்குழந்தை பெற்றது என்ன? விடை சொல்ல இயலாத பட்டம் பள்ளிக்குரிய பட்டமன்று.

ஆகவே, என் கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, ஆய்வுத் தலைப்பு பள்ளியிலிருந்து பிறக்க வேண்டும். வாசிப்புப் பின்னடைவு, மாணவர் வருகை, குறைந்து வரும் முதலாம் ஆண்டுச் சேர்க்கை என நம்மிடம் சிக்கல்களுக்குப் பஞ்சமா?

இரண்டாவது, நம் அரசுப் பல்கலைக்கழகங்கள் இதில் கூட்டுச் சேர வேண்டும். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், சிந்தோக்கில் உத்தாரா பல்கலைக்கழகம், ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என அவை நாடெங்கும் பரவியுள்ளன. கெடாவில் உள்ள தோட்டப்புறப் பள்ளித் தலைமையாசிரியர் தமக்கு அருகிலுள்ள வளாகத்தில் வகுப்புக்குச் சென்று, தமக்கேற்ற நெறியாளரை வேறு வளாகத்தில் பெறலாமே! கூட்டு என்பது எல்லை பிரிக்கும் ஒப்பந்தமாக இல்லாமல், தொலைவைக் குறைக்கும் பாலமாக இருக்கட்டும்.

மூன்றாவது, ஆய்வு முடிந்ததும் அதன் கண்டுபிடிப்பை இரண்டு பக்கத் தமிழில் எழுதிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் படிக்க வேண்டும். அதன் பின்னரே பட்டமளிப்பு.

"பள்ளியும் பெற்றோரும் தலையிட்டால் ஆய்வின் தரம் தாழ்ந்துவிடும்" என்று பேராசிரியர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆய்வு முறையைப் பேராசிரியரே மதிப்பிடட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால், ஆய்வின் பயனை அறிய யாருக்கு உரிமை அதிகம்? மருத்துவர் மருந்து எழுதுகிறார். நோய் தணிந்ததா என்று நோயாளியைத்தான் கேட்கிறார். அதனால் மருத்துவத்தின் தரம் தாழ்ந்துவிட்டதா?

2023இல் கலிபோர்னியா மற்றொரு சட்டம் இயற்றி, வேறு துறைகளிலும் முனைவர் பட்டம் வழங்க மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வழிவிட்டது. வேலிகள் காலப்போக்கில் நகரும். பல்கலைக்கழகங்கள் தம் வேலிகளைத் தாமே பார்த்துக்கொள்ளும். பள்ளியின் பங்கைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நாம்.

பெற்றோர்களே, உங்கள் பள்ளித் தலைமையாசிரியர் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டால் மகிழுங்கள், வாழ்த்துங்கள். கூடவே, "ஐயா, நம் பள்ளியின் எந்தச் சிக்கலை ஆய்வு செய்கிறீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். தலைமையாசிரியர் பெண்மணியாயின், "அம்மா" என்று அழைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். நல்ல தலைவர் எவரும் அக்கேள்வியால் சினம் கொள்ளமாட்டார்.