மழை ரோட்டில் உங்களைக் காப்பாற்றுவது ஏபிஎஸ் இல்லை, இடைவெளி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"புது கார்ல ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் இருக்கு சார். மழையில நூறுல போனாலும் மிதிச்சா டக்குனு நிக்கும்." இதை நம் குழுவில் ஒருவர் எழுத, பலர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் உராய்வு விசை படித்தவர்கள்! அந்தக் கார்களின் பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்து போகிறார்கள். அதனால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

டக்கென்று நிற்காது. காரை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள உராய்வு மட்டும்தான். எந்தக் கம்ப்யூட்டரும் அந்த உராய்வை உண்டாக்க முடியாது. இருப்பதை வீணாக்காமல் பயன்படுத்தத்தான் முடியும்.

ஏபிஎஸ் செய்வது என்ன? ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார், அது சுற்றும் வேகத்தை அளக்கிறது. பலமாக பிரேக் மிதிக்கும்போது ஒரு சக்கரத்தின் வேகம் திடீரென்று சரிந்தால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வுகள் குறைக்கின்றன. சக்கரம் மறுபடி உருண்டதும் அழுத்தம் ஏறுகிறது. இது ஒரு நொடியில் பல முறை நடக்கும். பூட்டிக்கொண்டு சறுக்கும் சக்கரம் ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்காது. உருளும் சக்கரம் கேட்கும். ஆக, ஏபிஎஸ் தரும் பெரிய வரம், பிரேக்கை மிதித்தபடியே வண்டியைத் திருப்பலாம் என்பதுதான். தளர்ந்த ஜல்லியிலும் மணலிலும் அது நிற்கும் தூரத்தைக் கூட்டவும் செய்யும்.

இப்போது கணக்கு. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உராய்வுக் குணகம் காய்ந்த ரோட்டில் 0.7, நனைந்த ரோட்டில் 0.4 என்று வைப்போம். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. காய்ந்த ரோட்டில் 100 கி.மீ. வேகத்தில் போனால் மொத்தம் சுமார் 84 மீட்டர் வேண்டும். நனைந்த ரோட்டில் அதே வேகத்துக்கு 126 மீட்டர். மழையில் 80-க்குக் குறைத்தாலும் 85 மீட்டர். முன்னால் போகும் லாரிக்கு நீங்கள் விடுவது எவ்வளவு? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சில வண்டிகளில் ஏபிஎஸ் உண்டு, சிலவற்றில் இல்லை. ஏபிஎஸ் இருந்த டாக்சிகளில் விபத்து குறையவில்லை. காரணம், ஓட்டுநர்கள் அந்தத் தைரியத்தில் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். கருவி கொடுத்த பாதுகாப்பை மனிதன் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டான். நம் குழுவில் நடப்பதும் அதுதான்.

உடனே "அப்ப ஏபிஎஸ் வேண்டாமா?" என்று கிளம்பாதீர்கள். கட்டாயம் வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் இனி போகாதீர்கள். அவசரத்தில் மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தால் அது கோளாறு இல்லை, ஏபிஎஸ் வேலை செய்கிறது. பயந்து காலை எடுக்காதீர்கள். பழைய டிரைவிங் பள்ளியில் சொன்னபடி விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலும் அதே சென்சார்களை நம்பி வாழ்வதுதான். வண்டியை எடுக்கும்போது ஒரு சக்கரம் வீணாகச் சுழன்றால், அதற்கு மட்டும் பிரேக் கொடுக்கும், அல்லது எஞ்சினின் விசையைக் குறைக்கும். கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு அதனால் ஒரு மீட்டர்கூட மிச்சம் இல்லை.

லட்சக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்கி, வழுக்கை டயரில் ஓட்டுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு போல ஒரு தேய்மானக் குறி இருக்கும். உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மழைத் தண்ணீரை வெளியே தள்ளப் போதுமான பள்ளம் இருக்காது. சக்கரம் தண்ணீர் மேல் மிதக்கும். ரோட்டையே தொடாத டயருக்கு எந்த ஏபிஎஸ் என்ன செய்யும்?

இன்றைய வீட்டுப்பாடம்: நாலு டயரையும் குனிந்து பாருங்கள். மழையில் வேகத்தைக் குறையுங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். ஆனால் கணக்கைப் போட்டுவிட்டு வாருங்கள்.