தூரத்துத் தோட்டத்துக்குக் கண் மட்டும் போதுமா?

நீலகிரியில் வீடு ஒரு மேட்டிலும் தோட்டம் வேறொரு சரிவிலும் இருப்பது சிறு விவசாயிகளுக்குப் பழகிய நிலை. ஓடையோரத்தில் பம்ப் செட்டும் குழாயும், அதற்கு மேலே அரை ஏக்கர் கேரட்டோ பூண்டோ இருக்கும். பல இடங்களுக்கு மின்கம்பி எட்டுவதில்லை. இருட்டியபின் ஆள் நடமாட்டமும் கிடையாது. காட்டெருமையும் காட்டுப்பன்றியும் இறங்குவது அப்போதுதான். விலை ஏறிய பருவத்தில் இரண்டு கால் பிராணிகளும் வருவதுண்டு. ஒரு போகத்து உழைப்பு ஒரே இரவில் போய்விடுகிறது.

இதற்கு விவசாயிகள் கண்ட வழிகள் இரண்டு. முதலாவது, கொட்டகையில் படுத்து இரவுக் காவல் இருப்பது. கரடியும், கூடலூர், பந்தலூர் பக்கம் யானையும் உலவும் இடத்தில் இது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. இரண்டாவது, மின்கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்த மின்வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி 3 யானைகள் மாண்டன, நிலத்துக்காரர் கைதானார். மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த அதே ஆண்டில் தமிழக அரசு விதிகளும் வகுத்தது. பயிரைக் காக்கப் போய்ச் சிறைக்குப் போவதும், பக்கத்துத் தோட்டத்துக்காரரின் உயிருக்கு உலை வைப்பதும் காவலாகாது.

இப்போது மூன்றாவது வழியாகச் சூரிய ஒளியில் இயங்கும் கண்காணிப்புக் கேமரா வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் பூண்டு விலை உச்சிக்குப் போனபோது மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்ட விவசாயிகள் வயலிலேயே கேமரா பொருத்தினார்கள். அங்கே பலித்தது மலையில் அப்படியே பலிக்கும் என்று நம்பிப் பணத்தை இறைக்கக் கூடாது.

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். இடைவிடாமல் ஓடும் 5 வாட் கேமராவுக்கு ஒரு நாளைக்கு 120 வாட்-மணி மின்சாரம் தேவை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நான்கு நாள் வெயிலே தலைகாட்டாமல் போவது இங்கே புதிதல்ல. அந்த நான்கு நாளுக்கு 480 வாட்-மணி சேமிப்பு வேண்டும். சாதாரண ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 12 வோல்ட், 80 ஆம்பியர்-மணி பேட்டரி அவசியமாகிறது. கடைக்காரர் காட்டும் சின்னப் பெட்டி இதற்குத் தாங்காது. அசைவு தெரிந்தால் மட்டும் விழிக்கும் கேமராவுக்கு இதில் சிறு பங்கே போதும்; சிறு விவசாயிக்கு அதுவே ஏற்றது.

அடுத்தது மூடுபனி. இரவில் கேமரா வீசும் கண்ணுக்குத் தெரியாத ஒளி, பனித்துளியில் பட்டுத் திரும்பி வந்து படத்தை வெளுக்கச் செய்துவிடும். மூடுபனியில் லாரி விளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் தெரிவதுபோலத்தான். ஆகவே கேமராவை வழித்தடத்துக்கு மிக அருகில் பொருத்த வேண்டும். பள்ளத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். சிக்னல் இல்லாத கேமரா, திருடன் போனபின் கதை சொல்லும்; முன்கூட்டி எழுப்பாது.

எழுப்பினாலும் எழுந்து போக ஆள் வேண்டாமா? இதுதான் முக்கியமான கேள்வி. 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் இரவில் ஒரு கும்பல் புகுந்தபோது காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார். வாயிற்கதவும் காவலும் உள்ள பெரிய எஸ்டேட்டிலேயே அந்தக் கதி என்றால், சிறு விவசாயி தன்னந்தனியாக டார்ச் லைட்டுடன் ஓடுவது எப்படிச் சரியாகும்?

வால்பாறை இதற்கு நல்ல பாடம். அங்கே இயற்கை பாதுகாப்புக் கழகம் 2011 முதல் யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக ஊராருக்குத் தெரிவிக்கலாயிற்று. யானை அருகில் இருந்தால் சாலையோரத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் போடுபவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே. மதுக்கரை ரயில் பாதையில் 2024 பிப்ரவரியில் கேமராக் கோபுரங்கள் இயங்கத் தொடங்கின. யானை தெரிந்தால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகிறது. ரயிலின் வேகம் குறைகிறது. இரண்டு இடத்திலும் செய்தி யாருக்குப் போகிறது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது.

ஆகவே ஆளுக்கொரு கேமரா வாங்குவதைவிட, ஒரு சரிவில் நிலம் உள்ள பத்துப் பேர் சேர்ந்து இரண்டு வழித்தடங்களில் வைப்பதே மேல். செய்தி ஐந்து கைப்பேசிகளுக்காவது போக வேண்டும். இன்றைய முறை யாருடையது, வனத்துறையை யார் அழைப்பது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எவரும் தனியே போகக் கூடாது. தேதியும் நேரமும் பதிந்த படம் நஷ்ட ஈட்டு மனுவுக்கும் துணையாகும். அரசு மானியம் தருவதானால் இத்தகைய குழுவுக்குத் தருவதே நியாயம்.

இன்னொன்றும் உண்டு. பகலில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மீது அந்தக் கேமரா திரும்பியிருக்கக் கூடாது. பயிருக்கு வைத்த காவல், உழைப்பவர்மீது சந்தேகமாக மாறினால் கேமராவால் வரும் லாபத்தைவிட ஊரில் வரும் பகையே பெரிதாகிவிடும்.

கேமரா கண்ணாக இருக்கலாம். காலும் கையும் ஊராருடையவை. அந்த ஒற்றுமையை முதலில் ஏற்படுத்திக்கொண்டு, பிறகு கடைக்குப் போவதே விவசாயிகளுக்கு நல்லது.